ஆறு கோர் எல்லாம் ஒன்றா?

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், ரிச்சி தெருவுக்கு நடந்தே போய்விடலாம். கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க, வீட்டில் கெஞ்சி வாங்கிய பணத்தோடு அப்படிப் போகிற மாணவர்களுக்கு முதல் குழப்பமே "இன்டெல்லா, ஏ.எம்.டி.யா?" என்பதுதான். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

நடுத்தர விலையில் அடிக்கடி ஒப்பிடப்படும் இரண்டை எடுத்துக்கொள்வோம். 2022 ஜனவரியில் வந்தது இன்டெல் கோர் ஐ5-12400எஃப். அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது ஏ.எம்.டி. ரைசன் 5 5600. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். நடுத்தர கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆடினால் பெரும்பாலான கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அங்கே வேகத்தை இழுத்துப் பிடிப்பது கார்டுதான், பிராசசர் இல்லை.

ஏமாறும் இடம் வேறு. "இதுவும் ரைசன் 5, இதுவும் 6 கோர், விலை கம்மி" என்று 5500 கைக்கு வரும். 5600-ல் எல்3 கேஷ் 32 எம்.பி.; 5500-ல் பாதி, 16 தான். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸும் 4.0-க்குப் பதில் 3.0. கேமுக்குக் கேஷ் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரைசன் 7 5800எக்ஸ்3டி சாட்சி. 5800எக்ஸை விட அதன் கடிகார வேகம் குறைவு. ஆனாலும் 96 எம்.பி. கேஷை வைத்துக்கொண்டு பெரும்பாலான கேம்களில் அதையே முந்தியது!

அடுத்து மதர்போர்டு. 12400எஃப் உட்காரும் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்தது; 2024-ல் வந்த கோர் அல்ட்ராவுக்கு வேறு சாக்கெட். ஏ.எம்.4-ல் 2017-இல் வாங்கிய பல போர்டுகள்கூட, பயாஸ் அப்டேட் செய்தால் 5600-ஐ ஏற்கின்றன. சீனியரிடம் பழைய ஏ.எம்.4 போர்டும் டி.டி.ஆர்.4 ராமும் கிடைக்கிறவருக்கு 5600-ஐ விட லாபம் வேறில்லை.

எல்லாமே புதிதாக வாங்குகிறவர் முடிந்தால் ரைசன் 5 7600 பக்கம் போகலாம். அதன் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரை ஆதரவு உண்டு என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. மற்ற இரண்டிலும் இல்லாத உள் கிராபிக்ஸ் இதில் உண்டு. கார்டு பழுதானாலும் திரை இருளாது. ஆனால் டி.டி.ஆர்.5 ராம் கட்டாயம். 2025 கடைசியில் ராம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும்.

பெட்டியில் ஒட்டிய பெயருக்காகச் சண்டை போடுவதை விட கேஷ், சாக்கெட், ராம் மூன்றையும் பார்த்து, மிச்சமாகும் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவதே புத்திசாலித்தனம். அது அப்பாவின் பணம்.. இரண்டாவது தடவை கேட்டால் கிடைக்காது :)