இஞ்ச்கேப் பிரபுவும் நம் பாட்டனார் ஏறிவந்த கப்பலும்

கப்பலோட்டிய தமிழன் யார் என்று கேட்டால், வ.உ.சிதம்பரனார் என்று நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தயங்காது கூறுவர். அவரை எதிர்த்த கம்பெனி எது என்று கேட்டுப் பாருங்கள். ‘வெள்ளைக்காரன் கம்பெனி’ என்பதோடு விடை நின்றுவிடும். அந்தக் கம்பெனிக்கும் பெயர் உண்டு. அதனைக் கட்டி ஆண்டவருக்கும் பெயர் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நம் பிள்ளைகள் அவ்விரு பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜேம்ஸ் லைல் மக்கே 1852-இல் ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். 1874-இல் கல்கத்தா வந்து மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் பணிக்குச் சேர்ந்தார். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியை, அதாவது பி.ஐ. கம்பெனியை, நிர்வகித்தது இந்நிறுவனமே. சில ஆண்டுகளில் அதன் பங்காளியானார். 1891-இல் வைசிராயின் சட்டமன்றத்தில் இடம்பெற்றார். 1897 முதல் 1911 வரை இலண்டனில் இந்திய அமைச்சருக்கு ஆலோசனை கூறும் இந்தியா கவுன்சிலில் உறுப்பினர். 1911-இல் பிரபுப் பட்டம் வந்தபோது, தம் ஊருக்கு எதிரே கடலில் கிடக்கும் பாறையின் பெயரையே ஏற்று இஞ்ச்கேப் பிரபு ஆனார். 1914-இல் பி.ஐ. கம்பெனியைப் பி அண்ட் ஓ கம்பெனியோடு இணைத்து, இரண்டுக்கும் தலைவராக விளங்கினார். 1929-இல் ஏர்ல் பட்டம். அல்பேனியாவின் அரியணைகூட அவரைத் தேடி வந்ததாகச் சொல்வார்கள்!

இனி ஆண்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தது 1906 அக்டோபரில். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். கொழும்புத் தடத்தில் பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். 1908-இல் வ.உ.சி. சிறை புகுந்தார். அவ்வாண்டில் மக்கே இலண்டனில் அந்தக் கவுன்சிலின் நாற்காலியில் அமர்ந்திருந்தார். வழக்கில் அவரைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமன்று. கப்பல் முதலாளியே ஆட்சிக்கு ஆலோசகராகவும் இருந்த ஏற்பாட்டைத்தான் சுட்டுகிறேன்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கும், தோட்டத் தொழிலாளரை ஏற்றிவந்தவையும் இதே பி.ஐ. கப்பல்களே. 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் தொழிலாளர் கணக்கில் வரி செலுத்தினர். அந்நிதி கப்பல் கட்டணத்தைச் செலுத்தியது. கங்காணியோடு வந்தவர் ‘இலவசமாக’ வந்தார். கம்பெனிக்கோ பணம் தவறாமல் சேர்ந்தது. முதியோர் இன்றும் பெயர் சொல்லும் ரஜூலா கப்பல் 1926-இல், இஞ்ச்கேப் தலைவராக இருந்த காலத்தில், கட்டப்பட்டது. 1973 வரை ஓடியது. கிள்ளான் தோட்டங்களுக்குச் சென்றோரும், பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் தங்கியோரும் கடல் வழியே வந்தவர்களே.

வ.உ.சி.யைத் தமிழ்ப் பாடத்திலும், தாத்தாவின் பயணத்தைக் குடும்பக் கதையிலும் நாம் தனித்தனியே வைத்துவிட்டோம். கொழும்புத் தடத்தில் நம்மவர் கப்பலை ஓடவிடாத கம்பெனிதான் மலாயாத் தடத்தில் நம்மவரைத் தளத்தில் நெருக்கி ஏற்றிவந்தது என்பதை எந்த வகுப்பில் சொல்கிறோம்? ‘தேர்வில் வராத வெள்ளைக்காரப் பிரபுவின் கதை எதற்கு?’ எனப் பெற்றோர் சிலர் கேட்கக்கூடும். தன்முனைப்புப் பேச்சாளர்கள் அவரை உழைப்பால் உயர்ந்த உத்தமராகக் காட்டவும் கூடும். உழைத்தவர்தாம், மறுக்கவில்லை. அந்த உயர்வில் தளப் பயணிகளின் கட்டணமும் அடங்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு ஆசிரியர்கள் வரும் பள்ளி விடுமுறைக்கு ஒரு பணி தரலாம். வீட்டுப் பெரியவரிடம் மாணவர் மூன்று கேள்விகள் கேட்டு எழுதி வரட்டும்: எந்தக் கப்பலில் வந்தார்கள்? எந்தத் துறையில் இறங்கினார்கள்? கட்டணத்தைச் செலுத்தியவர் யார்?