ஒரு மணி அடித்தால் போதும்

“பார்த்துவிட்டாய், பிறகு ஏன் பதில் போடவில்லை?” தூரத்தில் இருக்கும் இருவருக்கிடையே இன்று மூளும் பல சண்டைகளுக்கு இந்தக் கேள்விதான் தொடக்கம். 2014 நவம்பரில் புலனத்தில் நீலக் குறி வந்தது. பயனர்கள் முணுமுணுக்கவே, சில நாள்களில் அதை அணைத்துவைக்கும் வசதியும் வந்தது. எங்கோ ஒரு வடிவமைப்பாளர் எடுத்த முடிவு, ஈஜோக் செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் மனைவியையும் சிங்கப்பூரில் இரவு ஷிப்ட் பார்க்கும் கணவனையும் முகம் திருப்பிக்கொள்ள வைக்கிறது. அந்த வடிவமைப்பாளர் இடத்தில் நாளை நீங்கள் உட்காரலாம், மாணவர்களே. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிரிந்து வாழ்வது கோலசிலாங்கூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வேலை தேடி ஜோகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், ஆசிரியராகி சபா, சரவாக் பள்ளிகளுக்குப் போனவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம் என வாழ்வோரைக் குறிக்க நம் நாட்டில் ‘பிஜேஜே’ என்று ஒரு பெயரே இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஆகஸ்டில், முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட இத்தம்பதியர் மாநில எல்லை தாண்டிச் சந்திக்க அரசு தனியே தளர்வு அறிவித்தது நினைவிருக்கலாம்.

கைப்பேசியில் காசு குறைவாக இருந்த நாள்களில் நம்மவர்கள் ஒரு தொழில்நுட்பம் வைத்திருந்தார்கள்: மிஸ் கால். ஒரு மணி அடித்து நின்றால் ‘வந்து சேர்ந்துவிட்டேன்’. இரண்டு மணி என்றால் ‘நீ கூப்பிடு’. தூங்கப் போகும் முன் வரும் ஒற்றை மணிக்கு அர்த்தம் அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். ஒரு சென் செலவில்லை.

இதையே ஆய்வாகவும் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கே என்ற ஆய்வாளரின் குழு, 2005 வாக்கில், தூரத்தில் வாழும் காதலர்களுக்காக ஒரு சின்ன மென்பொருள் செய்தது. கணினித் திரையின் ஓரத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான். நீங்கள் சொடுக்கினால் மறுமுனையில் இருப்பவரின் வட்டம் சிவப்பாகும். நேரம் போகப் போக நிறம் மங்கும். எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. ஆனாலும் பயன்படுத்தியவர்கள் அந்தச் சிவப்புக்குத் தாங்களே அர்த்தங்களை நிரப்பிக்கொண்டார்கள். நம் மிஸ் காலின் படித்த தம்பி என்று இதைச் சொல்லலாம்!

இதற்கு நேர்மாறான பாதையும் உண்டு. ஜோகூர் இஸ்கண்டார் புத்திரியில் பேராசிரியர் ஏட்ரியன் சியோக் தலைமையில் இயங்கிய ஆய்வகம், முத்தத்தின் அழுத்தத்தைக் கைப்பேசி வழியே அனுப்பும் ‘கிஸ்ஸெஞ்சர்’ கருவியில் உழைத்தது. அவர் சிங்கப்பூரில் இருந்தபோது, பெற்றோரின் அணைப்பைப் பிள்ளையின் சட்டைக்கு அனுப்பும் ‘ஹக்கி பஜாமா’வை அவர் குழு உருவாக்கியது. திறமையான வேலைதான். ஆனால் சிலிக்கான் அழுத்தம் தொடுதல் ஆகிவிடாது. போலி என்று உடல் கண்டுபிடித்துவிடும் என்பது என் எண்ணம்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் அன்பு, இருக்குமிடத்தை நாள் முழுக்கக் காட்டினால்தான் நம்பிக்கை என்று பதினேழு வயதிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். செயலியில் அந்த வசதி இருப்பதால், தர மறுப்பவர் குற்றவாளியாகிறார். கொடுத்தவர் உறவு முறிந்த பிறகும் கண்காணிக்கப்படுகிறார். நம் நாட்டில் 2023 மே 31 முதல், தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்கீழ், திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொல்லை தருவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. இணையவழித் தொல்லையும் அதில் அடங்கும். மாணவிகள் இதைத் தெரிந்துவைத்திருங்கள், மாணவர்களும்தான்.

பெஸ்தாரி ஜெயாவில் யுனிசெல் இருக்கிறது. அங்கும், பாலிடெக்னிக்குகளிலும் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும் நம் பிள்ளைகள் இதை எடுக்கலாமே. முதலில் பிஜேஜே தம்பதியர் சிலரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஷிப்ட் எப்போது முடிகிறது, தோட்டத்துக்குள் லைன் கிடைக்கிறதா, ஒரே கைப்பேசியைப் பிள்ளையும் பாட்டியும் சேர்ந்து பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். பிறகு திரையை வரையுங்கள். பதில் அனுப்பும் பொத்தானை எல்லாரும் வரைந்துவிடுவார்கள். பதில் வராத அந்த ஆறு மணி நேரத்தில், காத்திருப்பவருக்கு உங்கள் செயலி எதைக் காட்டும்? அந்தத் திரையை முதலில் வரையுங்கள்.