கல்கத்தாவுக்கு யாரும் நெட்வொர்க்கிங் செய்யப் போகவில்லை

கோவில்பட்டியில் மறுபடியும் ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்திருக்கிறது. கோட்டு போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் லேப்டாப், பின்னால் டாலர் குறி. ‘வீட்டிலிருந்தபடியே விர்ச்சுவல் அசிஸ்டென்ட் ஆகலாம். பயிற்சியும் நெட்வொர்க்கிங்கும் இருந்தால் வெற்றி நிச்சயம்!’ கரிசல் வெயிலில் கோட்டு போட்டுத் திரிகிறவனை நம்பக்கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஹால் நிரம்பிவிடுகிறது.

என் அண்ணன் மகள் போன மாதம் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தாள். பி.காம். படித்த பெண். முதல் வகுப்புக்குத் தொண்ணூற்றொன்பது ரூபாய்; சாயங்காலம் கூட்டம் கலைவதற்குள் ‘அட்வான்ஸ்டு’ வகுப்புக்கு இருபத்தைந்தாயிரம். “வி.ஏ. படிக்கப் போறேன்” என்று அவள் சொன்னதும், வி.ஏ.ஓ. பரீட்சை என்று நினைத்துப் பெரியப்பா திருநீறு பூசி ஆசீர்வாதமே பண்ணிவிட்டார். பணம் கட்டியாயிற்று, சான்றிதழ் வந்தாயிற்று, வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாயிற்று. வேலை மட்டும் வரவில்லை. கேட்டால், “ஸ்கில் இருக்கு சித்தப்பா, நெட்வொர்க்தான் பத்தலையாம். அதுக்குத் தனியா ஒரு கோர்ஸ் இருக்காம்” என்கிறாள். என்ன ஸ்கில் என்றேன். “கம்யூனிகேஷன்” என்றாள். பிள்ளையைச் சொல்லி என்ன பயன்?

இந்த வேலை என்னவென்று முதலில் பார்ப்போம். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கிற ஒரு சிறு வியாபாரிக்கு மெயில் பிரித்துக் கொடுப்பது, பில் போடுவது, டிக்கெட் எடுப்பது, எக்செல் தாளில் எண்களை ஏற்றுவது. சுருக்கமாகச் சொன்னால் தூரத்து முதலாளிக்குக் கணக்குப்பிள்ளை வேலை. கௌரவமான வேலைதான். அதற்குப் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும், கணக்கு மென்பொருள் ஒன்றாவது கையில் பழகியிருக்க வேண்டும், ராத்திரி விழித்திருக்கத் தெம்பு வேண்டும். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறரை. அங்கே குளிர்காலமானால் ஏழரை. அந்த ஹாலில் இவற்றில் எதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? லிங்க்ட்இன்னில் போட்டோ எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ‘மைண்ட்செட்’ மாற்றச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு, ‘நான் ஒரு சி.இ.ஓ.’ என்று மூன்று தடவை சொல்லச் சொன்னார்கள். சி.இ.ஓ.வுக்கு எதற்கு அசிஸ்டென்ட் வேலை என்று ஒருவரும் எழுந்து கேட்கவில்லை.

பயிற்சி என்றால் என்னவென்று இந்த மண்ணுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டாம். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி செய்வது எப்படி என்று மாதக்கணக்கில் அங்கே தங்கிக் கற்றார்கள். திரும்பி வந்து, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்து, 1923-இல் தொழிற்சாலை தொடங்கினார்கள். கோவில்பட்டி, சாத்தூர், கழுகுமலை, எட்டயபுரம் என்று இந்த வானம் பார்த்த பூமி முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ் பரவியது அதற்குப் பிறகுதான். அந்த இருவரும் கல்கத்தாவில் கற்றது மருந்துக் கலவை. குச்சி முனையில் அதை எப்படி ஏற்றுவது என்கிற கைவேலை. ‘தீப்பெட்டித் தொழிலை வளர்ப்பது எப்படி’ என்ற கருத்தரங்குக்கு அவர்கள் போகவில்லை. போயிருந்தால் இன்று நாம் அடுப்புப் பற்றவைக்க ஸ்வீடன்காரனிடம்தான் கையேந்தியிருப்போம்.

ஸ்வீடன்காரன் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதே 1923-இல்தான் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி ‘விம்கோ’ என்ற பெயரில் பம்பாய்ப் பக்கம் கடை விரித்தது. அவ்வளவு பெரிய யானைக்கு முன்னால் நம்மவர்கள் நின்று பிழைத்ததற்குக் காரணங்கள் உண்டு. கையால் செய்யும் சிறு தொழிலகங்களுக்கு அரசாங்கம் கொடுத்த கலால் வரிச் சலுகை ஒன்று. குச்சியும் மருந்தும் சீக்கிரம் காயும் வறண்ட வானிலை இன்னொன்று. மழை பொய்த்தால் வேறு போக்கில்லாத சனங்களின் மலிவான கூலி மூன்றாவது. இந்தப் பட்டியலில் மைண்ட்செட் எங்கே இருக்கிறது? கல்கத்தாவுக்குப் போன அந்த இருவரும் விசிட்டிங் கார்டு பரிமாறினார்கள் என்று எந்த வரலாறும் எழுதவில்லை.

உடனே ஒரு கோட்டுக்காரர் எழுந்து, “அவர்களுக்கு உறவின்முறை என்ற சாதிச் சங்கம் இருந்ததே, அது நெட்வொர்க் இல்லையா?” என்பார். ஐயா, உறவின்முறையில் மகமை இருந்தது. வியாபாரத்தில் இத்தனைக்கு இத்தனை என்று பொதுவில் எடுத்துவைத்த பணம் அது. அந்தப் பணத்தில் 1885-இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. கல்கத்தா பயணத்துக்கு முந்தின வருஷம், 1921-இல், தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். அந்தத் தொடர்பு கடன் கொடுத்தது, சரக்கு வாங்கியது, பிள்ளையைப் படிக்கவைத்தது. உங்கள் வாட்ஸ்அப் குழு எதைக் கொடுக்கிறது? காலையில் ஒரு ‘குட் மார்னிங்’, அதோடு ஒரு ரோஜாப்பூ.

அந்தக் குழுவைத் திறந்து பார்த்தேன். இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லோரும் விர்ச்சுவல் அசிஸ்டென்ட். வேலை கொடுக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்கு வாங்க ஒருத்தரும் வராமல், ஆட்டைப் பிடித்து வந்தவர்கள் மட்டும் நின்றுகொண்டு, ‘உன் ஆடு அருமை, என் ஆடு அருமை’ என்று ஒருவருக்கொருவர் லைக் போட்டால் எப்படியிருக்கும்? அதைத்தான் இவர்கள் நெட்வொர்க்கிங் என்கிறார்கள். காலை ஆறரைக்கு ஓட்டலில் கூடி, நெய்ரோஸ்ட் சாப்பிட்டு, அறுபது நொடியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கூட்டங்கள் இப்போது சிற்றூர் வரை வந்துவிட்டன. நகைக்கடைக்காரருக்கும் கட்டட மேஸ்திரிக்கும் அதில் பலன் கிடைக்கலாம். அவர்களுடைய வாடிக்கையாளர் அதே தெருவில் இருக்கிறார். டெக்சாஸில் இருக்கிற முதலாளி கோவில்பட்டி நெய்ரோஸ்டுக்கு வருவாரா?

முதலாளி எங்கேதான் இருக்கிறார்? அப்வொர்க், ஃபைவர் மாதிரியான தளங்களில். அங்கேயும் வாசலிலேயே வசூல். அப்வொர்க்கில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடவே ‘கனெக்ட்’ வேண்டும். இனாமாகக் கிடைத்த கொஞ்சம் தீர்ந்ததும் ஒன்று பதினைந்து சென்ட் என்று காசு கொடுத்து வாங்க வேண்டும். ஒரு விண்ணப்பம் பல கனெக்ட்களை விழுங்கும். ஃபைவரில் கிடைத்த கூலியில் நூற்றுக்கு இருபது தளத்துக்குப் போய்விடும். போட்டிக்கு பிலிப்பைன்ஸ்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்த மாதிரி. போதாக்குறைக்கு 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்துவிட்டது. மெயிலுக்குப் பதில் எழுதுவது, கூட்டத்தில் பேசியதைச் சுருக்குவது எல்லாம் அது செய்கிறது. ராத்திரி தூக்கமும் கேட்பதில்லை. இதில் ஒன்றையாவது அந்த ஃப்ளெக்ஸில் போட்டார்களா? கோட்டுக்காரரின் பல்வரிசைக்கே இடம் போதவில்லை.

இந்தத் தொழிலில் டாலர் பார்த்தவர்களைவிட, டாலர் பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்து ரூபாய் பார்த்தவர்கள்தான் அதிகம். இருபத்தைந்தாயிரம் கட்டியவர் அதை மீட்க என்ன செய்வார்? தானும் ஒரு வகுப்பு தொடங்குவார். பெருந்துறை ஈமு கோழி வளர்ப்பு மோசடியை மறந்துவிட்டோமா? கறி தின்ன ஆளில்லை, குஞ்சு வாங்க மட்டும் ஆள் வந்துகொண்டே இருந்தது. 2012-இல் அதுவும் நின்றதும் கோழியும் போயிற்று, கொங்குநாட்டுக் குடும்பங்களின் சேமிப்பும் போயிற்று. அன்றைக்கு விளம்பரத்தில் சினிமாக்காரர் சிரித்தார். இன்றைக்கு இன்ஃப்ளூயன்சர் சிரிக்கிறார்.

சான்றிதழ்ப் பைத்தியத்தையும் சொல்லாமல் விட முடியாது. சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் வீட்டுக்கு வீடு தொங்குகிறது. பக்கத்து இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் கூப்பிட்டுப் பேராசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தது. 1991-இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தது. கதை தெரிந்திருந்தது, கூப்பிட்டார்கள். இன்றைக்கு இருந்திருந்தால், ‘உங்களுக்குப் பெர்சனல் பிராண்டிங் போதவில்லை’ என்று அவருக்கும் ஒரு கோர்ஸ் விற்றிருப்பார்கள்.

பொறியியல் கல்லூரிகளையும் கேட்கிறேன். நான்கு வருஷம் லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளைக்கு எக்செல்லும் ஒரு பக்க ஆங்கிலமும் கற்றுத்தர முடியவில்லை. கடைசி வருஷம் ஒரு ‘மோட்டிவேஷன்’ பேச்சாளரைக் கூப்பிட்டு, கைதட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வேலை கிடைக்கவில்லையென்றால் பிள்ளையின் மனசில்தான் கோளாறாம். கல்லூரிக்குக் கோளாறே கிடையாதாம்.

தீப்பெட்டிக்காரர்களுக்கு நெருக்கடி வந்தபோது என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மூலப்பொருள் விலை ஏறியது. பதினான்கு வருஷமாக ஒரு ரூபாயாக இருந்த பெட்டியை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாக்கினார்கள். பிளாஸ்டிக் லைட்டர் வந்து வயிற்றில் அடித்தது. தடை கேட்டுச் சென்னைக்கும் டெல்லிக்கும் நடந்தார்கள். 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. விலை, வரி, சந்தை: தொழில் வளர்வதும் சாய்வதும் இவற்றில்தான். ‘நம்மிடம் பாசிட்டிவ் எனர்ஜி குறைந்துவிட்டது’ என்று அவர்கள் யோகா முகாம் நடத்தவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள். குரோஸ் கணக்கில் கூலி. அதுவும் வீட்டிலிருந்தே வேலைதான். அந்தத் தொழிலுக்குப் பாவக் கணக்கு உண்டு. விடியுமுன் பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன காலத்தை ஊர் மறக்கவில்லை. ஆனால் அந்த ஆபீஸ்காரர்கூட வேலைக்கு வருகிறவர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தார். இந்தக் கோட்டுக்காரர்கள் வேலைக்கு ஏங்குகிறவர்களிடமே அட்வான்ஸ் வாங்குகிறார்கள்.

நல்ல பயிற்சிக்கு அடையாளம் வேண்டுமா? இங்கிருந்து சங்கரன்கோவில் வழியாகத் தென்காசிக்குப் போய்ப் பாருங்கள். ஜோஹோ நிறுவனம் 2005-இல் தொடங்கிய பள்ளித் திட்டத்தில் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை; மாதாமாதம் உதவித்தொகையை அவர்களுக்குக் கொடுக்கிறது. 2007-இல் ஐ.ஐ.டி. சென்னையின் ஆதரவில் தொடங்கிய ‘தேசிக்ரூ’ கிராமத்துப் பிள்ளைகளைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்துச் சம்பளம் கொடுத்தது. உன் உழைப்பு தேவைப்படுகிறவன் உனக்குச் செலவு செய்து சொல்லித்தருவான். உன் பணம் தேவைப்படுகிறவன்தான் உன்னிடம் கட்டணம் கேட்பான். கல்கத்தாவுக்குப் போன இருவரும் சொந்தக் காசில்தானே போனார்கள் என்று மடக்காதீர்கள். அவர்கள் ஒரு கைத்தொழிலைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் ஒரு காகிதத்தைக் கொடுத்தனுப்புகிறார்கள்.

அதனால் அண்ணன் மகளுக்கும் அவள் வயசுப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். ஏதாவது ஒரு வேலையைக் கையில் பழகுங்கள். டேலி, ஜி.எஸ்.டி. கணக்கு, ஆஸ்திரேலியச் சிறு கடைகளுக்கான கணக்கு மென்பொருள், மருத்துவமனை பில்லிங், எதுவானாலும் சரி. உள்ளூர் ஆடிட்டர் ஆபீஸில் ஒரு வருஷம் குறைந்த சம்பளத்துக்கு உட்காருங்கள். எந்தக் கோர்ஸும் தராத பயிற்சி அது. அதற்கும் மீறி ஹாலுக்குப் போவதானால், மேடையில் நிற்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘போன வருஷம் உங்கள் வருமானத்தில் விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை பார்த்து வந்தது எவ்வளவு, எங்களிடம் வசூலித்தது எவ்வளவு? வங்கிக் கணக்கைக் காட்டுங்கள்.’ காட்டினால் பணம் கட்டுங்கள். காட்டவில்லையென்றால் கட்டிய தொண்ணூற்றொன்பதையும் அங்கேயே திருப்பிக் கேளுங்கள்.