'கவலை' என்ற ஒரு சொல் போதுமா?

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறோம். மனம் நொந்திருந்தால் எங்கே கைவைத்துப் பார்ப்பது?

நம் சமூகத்தில் இக்கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'எல்லாம் வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்' என்பதுதான். சற்று முற்றினால் மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். அதற்கும் மேலே போனால், 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று ஊரார் சொல்லிவிடுவார்களோ என அஞ்சி வாயை மூடிக்கொள்கிறோம். 1911இல் அங்கே தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று 'பஹாகியா' என்று பெயர். அதாவது மகிழ்ச்சி. பெயர் மாறியும் நம் அச்சம் மாறவில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குட்பட்டோரில் எழுவரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் உள்ளது. வாழ்நாளில் மனநோய்க்கு ஆளாகிறவர்களில் பாதிப்பேருக்கு அது 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசிப் பேருக்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகிறது என 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், இடைநிலைப்பள்ளி மாணவர்களில் நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. இது மருத்துவர் உறுதிசெய்த நோய்க்கணக்கு அன்று. வினாத்தாளின்வழி அறிந்த அறிகுறிக் கணக்கு. ஆயினும் ஒரு வகுப்பில் 30 பேர் என்றால், அவர்களில் ஏழெட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கையா?

இத்தகைய புள்ளிவிவரம் வந்ததும் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு. பதாகை, சிறப்புரை, நினைவுப் பரிசு, தேநீர், படம் எடுத்தல். அதனைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால், அரைநாள் உரையைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் தாய், மறுநாள் தன் மகனை யாரிடம் அழைத்துச் செல்வாள்? அவள் பேசும் மொழியில் அவளிடம் கேட்பதற்குக் கற்றுத் தேர்ந்த ஆள் எத்தனை பேர் இருக்கிறோம்? நமக்கு இன்று பெரிதும் தேவைப்படுவது பேச்சாளர்கள் அல்லர். பயிற்சி பெற்ற தமிழறிந்த வல்லுநர்களும் தமிழில் செய்யப்பட்ட ஆய்வுகளுமே என்பது என் கருத்து.

"நம் பிள்ளைகள் மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் பேசுகிறார்களே, தமிழ் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். இதற்கு ஒரு பழைய ஆய்வே விடை சொல்கிறது. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் வைட் தீவில் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் 10, 11 வயதுப் பிள்ளைகள் அனைவரையும் ஆராய்ந்தனர். பெற்றோரின் விடைகள் சுட்டிய பிள்ளைகளும் ஆசிரியரின் விடைகள் சுட்டிய பிள்ளைகளும் பெரும்பாலும் வெவ்வேறு பிள்ளைகளாக இருந்தனர். அதே பிள்ளைகள் 14, 15 வயதை எட்டியபோது அவர்களையே நேரில் கேட்டனர். பெரியவர்கள் கண்ணில் படாத மனவேதனை பலரிடம் இருப்பது தெரியவந்தது. ஆகவே, பிள்ளையைக் கேட்க வேண்டும், பெற்றோரைக் கேட்க வேண்டும், ஆசிரியரையும் கேட்க வேண்டும். மூவரில் ஒருவரை விட்டாலும் படம் முழுமை பெறாது. தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசத் தெரிந்த அம்மாவையும், பள்ளி விட்டு வந்ததும் பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் விட்டுவிட்டு என்ன ஆய்வு செய்ய முடியும்? அம்மாவுக்காக அந்தப் பிள்ளையே மருத்துவரிடம் மொழிபெயர்க்கும் நிலை வந்தால், தன் வலியைத் தானே மென்றுவிழுங்கி, அம்மா அழாதபடி பார்த்துத்தான் அது பேசும்.

சொற்களின் சிக்கலும் சாதாரணமானதன்று. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட 25 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது, தமிழிலும் கிடைக்கிறது. அதில் அடிக்கடி வரும் தலைவலி, வயிற்றுவலி பற்றி ஒரு கூற்று உண்டு. காலையில் சீருடை அணிந்ததும் 'வயிறு வலிக்குது' என்று முனகும் பிள்ளையை நாம் அறியாதவர்களா? அதே தாளில் அளவுக்குமீறி எதையாவது எண்ணி அஞ்சுவது ஒரு கூற்று. மகிழ்ச்சியின்றிச் சோர்ந்திருப்பது வேறொரு கூற்று. நம் வீட்டுப் பேச்சில் இரண்டுக்குமே 'கவலையா இருக்கான்' என்றுதான் சொல்கிறோம். நாளிதழ்களோ தேர்வு நெருக்கடிக்கும் 'மன அழுத்தம்' என்கின்றன, மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வுக்கும் 'மன அழுத்தம்' என்கின்றன. சொல் கலங்கினால் அளவும் கலங்கும். எனவே மொழிபெயர்ப்பு கிடைப்பதோடு வேலை முடியாது. அதைத் தமிழிலிருந்து மீண்டும் மூலமொழிக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் உள்ள நம் பெற்றோர் ஒவ்வொரு கூற்றையும் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என உடனிருந்து கேட்க வேண்டும்.

இது யார் வேலை? உளவியல் மாணவர் மட்டும் செய்தால் மொழி நொண்டும். தமிழ் மாணவர் மட்டும் செய்தால் அறிவியல் நொண்டும். இருவரும் ஒரே பேரவையில், ஒரே மேசையில் அமர்ந்திருக்கிறோம். இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் நண்பர்களே, தலைப்பு இங்கே இருக்கிறது!

தொழிலாகக் கற்க விரும்புவோர்க்கு வழி நீண்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி பதிவு பெறாதவர் இந்நாட்டில் ஆலோசகராகத் தொழில் செய்ய முடியாது. மருத்துவ உளவியலாளராக முதுகலைப் படிப்பும், மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைக் கண்டு பெறும் பயிற்சியும் வேண்டும். குழந்தை மனநல மருத்துவராக, மருத்துவப் பட்டம், மனநல மருத்துவத்தில் முதுநிலை, அதன்பின் சிறப்புப் பயிற்சி எனப் பல்லாண்டுகள் ஆகும். 'டாக்டர், என்ஜினியர், லாயர்' என்று மூன்றே கனவுகளைக் கண்டு பழகிய நம் வீடுகளில் இத்துறையை எடுத்துச் சொல்வதற்கும் துணிவு வேண்டும். முன்னாள் மாணவர்களே, ஆண்டுதோறும் விருந்துக்கு நன்கொடை தருகிறீர்கள். அதில் ஒரு பங்கை இத்துறையில் முதுகலை படிக்கும் ஒரு மாணவருக்கு ஒதுக்க முடியாதா? இத்துறையில் ஏற்கெனவே பணிபுரிவோர், இளையவர் ஒருவரைக் கைப்பிடித்து வழிகாட்ட முடியாதா?

மற்றவர்களுக்கும் பணி உண்டு. நம்மில் பலர் வார இறுதியில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு இலவச வகுப்பு நடத்துகிறோம். கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்காவிடம், அண்ணனிடம் பிள்ளைகள் சொல்லும் செய்தி சில வேளைகளில் வீட்டிற்கே தெரியாது. அத்தொண்டர்கள் சிகிச்சை அளிக்கக் கூடாது. மாற்றத்தைக் கவனிக்கவும், பதறாமல் கேட்கவும், தக்க ஆலோசகரிடம் கொண்டு சேர்க்கவும் முறையாகப் பயில வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரைக் கொண்டு அப்பயிற்சியை நடத்துவது நம் பேரவையால் இயலாத செயலா?

தமிழை வாழவைப்போம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் துயரத்தைத் தமிழில் சொல்லும்போது, அதைப் புரிந்துகொள்ளக் கற்றவர் ஒருவர் எதிரே அமர்ந்திருக்க வேண்டும். அந்த நாற்காலி நமக்காகக் காத்திருக்கிறது.