சிவப்பு சிலிண்டர் எல்லாம் ஒன்றல்ல

"அதான் சுவத்துல சிலிண்டர் மாட்டியிருக்கே, அப்புறம் என்ன?" கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் ஜவுளிக்கடையில் கேட்டாலும் இதே பதில்தான். தீயணைப்பான் என்றால் எல்லாம் ஒன்றுதான், எந்தத் தீயானாலும் அடித்தால் அணைந்துவிடும் என்கிற இந்த நினைப்பு தவறு மட்டுமல்ல, ஆளைக் கொல்லக்கூடியது.

மண்டபத்துச் சமையற்கட்டையே எடுத்துக்கொள்வோம். வாணலி நிறைய எண்ணெய் காய்கிறது. சூடு 350 டிகிரியை ஒட்டிப் போனால் நெருப்புப் படவே வேண்டாம், எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். அதன்மேல் தண்ணீர் சிலிண்டரை அடித்தால் தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, அந்த நொடியே ஏறத்தாழ 1,700 மடங்கு ஆவியாக விரியும். எரிகிற எண்ணெயை அள்ளிக் கூரைவரை வீசும். பக்கத்தில் நிற்கும் சரக்கு மாஸ்டர் என்ன ஆவார்? கார்பன் டை ஆக்சைடை அடித்தாலும் வாயு சீறும் வேகத்தில் எண்ணெய் தெறிக்கும். ஏபிசி பவுடர் ஜுவாலையை அமுக்கும்; எண்ணெயின் சூடு இறங்காததால் தீ மறுபடி கிளம்பும். எண்ணெய்த் தீக்கென்றே இருப்பது வெட் கெமிக்கல். அதிலுள்ள பொட்டாசியம் உப்புக் கரைசல் கொதிக்கும் எண்ணெயோடு கலந்து சோப்பாக மாறி, ஆடைபோல் மேலே படியும், சூட்டையும் தணிக்கும். அது இல்லையென்றால், தீ சிறிதாக இருக்கும்போதே அடுப்பை நிறுத்தி, உலோகத் தட்டைப் பக்கவாட்டில் தள்ளி வாணலியை மூட வேண்டும். ஆறும்வரை திறக்கவே கூடாது.

சுவிட்ச் போர்டு எரிந்தால் கதை வேறு. அங்கே மெயினை அணைத்துவிட்டு கார்பன் டை ஆக்சைடு அடிப்பதுதான் சரி. ஆனால் அடிக்கும்போது அதன் கொம்புக் குழாயைப் பிடித்தால் கை உறைந்து புண்ணாகும். அடைத்த சிற்றறையில் மூச்சும் முட்டும். கேஸ் கசிந்து எரிந்தால் முதலில் வால்வை மூட வேண்டும். மூடாமல் தீயை மட்டும் அணைத்தால் கேஸ் அறையெங்கும் பரவி வெடிக்கும்.

சரியான சிலிண்டரே கையில் இருந்தாலும், சுவரில் மாட்டும் அளவுள்ளது சீக்கிரமே காலியாகிவிடும். வாசல் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று, பின்னை உருவி, ஜுவாலையை விட்டுவிட்டுத் தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும். அடங்கவில்லையா, எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐக் கூப்பிடுங்கள்.

கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா, பார்க்கிங் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் சமையற்கட்டுக்குள்ளும் போங்கள். அங்குள்ள சிலிண்டரின் லேபிளில் எண்ணெய்த் தீயைக் குறிக்கும் எஃப் அல்லது கே என்ற எழுத்து இருக்கிறதா, அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.