முதலில் கேள், பிறகு கை வை!



ஒரு மோட்டார் ஓடவில்லை. உடனே காயிலை உருவிப் போட்டு ரீவைண்டிங் செய்ய உட்கார்ந்தால் ஒர்க்ஷாப் சார் சும்மா விடுவாரா? "சப்ளை வருதா பார்த்தியாடா? பியூஸ் பார்த்தியா?" என்றுதான் கேட்பார். முதலாண்டிலேயே டெஸ்ட் லாம்ப்பைக் கையில் கொடுத்துச் சொல்லித் தந்த பாடம் அது. ஆனால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் அந்தப் பாடம் எங்கே போய்விடுகிறது? எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகுகிறோம். திறக்கவில்லை. பக்கத்தில் நிற்பவன் தீர்ப்புச் சொல்கிறான்: "ஃபார்மட் அடிச்சிடு மச்சான்!"

போன வருடம் அந்தத் தீர்ப்பைச் சொன்னவன் நான்தான். அறைத்தோழனின் டிஸ்க் லினக்ஸ் மெஷினில் திறக்கவில்லை. "வைரஸ்தான்" என்று பெரிய நிபுணன் மாதிரிச் சொல்லி, நானே ஃபார்மட் அடித்தேன். டிஸ்க் திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை! ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மறுபடி டைப் அடித்துவிட்டோம். இறந்துபோன அவன் அப்பாவின் புகைப்படங்களை எங்கே போய் டைப் அடிப்பது? அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த ஆண்டு என் டிஸ்க்குக்கே அந்தக் கதி வந்தது. மறுநாள் ரிவ்யூ. இந்த முறை கை வைக்கவில்லை, கேட்டேன். செருகிய கருவி ஒவ்வொன்றைப் பற்றியும் லினக்ஸின் கெர்னல் வரிவரியாகக் குறித்து வைக்கிறது. டெர்மினலில் 'டிமெசேஜ்' கட்டளை கொடுத்தால் அதைப் படிக்கலாம். 'பிழை மைனஸ் 71' என்று இருந்தது. டிஸ்க்கும் போர்ட்டும் பேசிக்கொள்வதில் தடங்கல் என்று அர்த்தம். பெரும்பாலும் கேபிள், போர்ட், அல்லது பவர். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்; 3.0 தருவது 900. சுழலத் தொடங்கும் டிஸ்க்குக்கு அது சில சமயம் போதாது. கேபிளை மாற்றி, பின்பக்க போர்ட்டில் செருகினேன். பிழை போச்சு!

அடுத்து 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை. டிஸ்க்கும் அதன் பார்ட்டிஷனும் பட்டியலில் நின்றன. அப்படியானால் உயிர் இருக்கிறது! ஆனாலும் மவுண்ட் ஆகவில்லை. மறுபடி கெர்னலைக் கேட்டேன். 'வால்யூம் அழுக்காக இருக்கிறது' என்றது. முந்தின நாள் விண்டோஸ் மெஷினில் எஜெக்ட் கொடுக்காமல் நான் பிடுங்கியதன் பலன்! 2021-இல் வந்த 5.15 கெர்னலில் சேர்ந்த என்டிஎஃப்எஸ் டிரைவர், அப்படிப்பட்ட வால்யூமை எழுதும் முறையில் மவுண்ட் செய்ய மறுக்கும். அது நோயல்ல, எச்சரிக்கை. படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்தேன். அத்தனையும் இருந்தது! முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். அதன் பிறகே விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டிச் சரி செய்தேன்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ நெஞ்சு கனத்தது. அவன் டிஸ்க்கும் இப்படித்தான் இருந்ததோ? இனித் தெரியவே தெரியாது. நான் அடித்த ஃபார்மட் அந்தச் சாட்சியையும் சேர்த்து அழித்துவிட்டது.

"லினக்ஸ்ல எதுவும் திறக்காதுடா" என்று கேலி பேசும் நண்பர்களே, ஏன் திறக்கவில்லை என்று அது சொல்கிறதே! நாம்தான் படிப்பதில்லை. முதலில் கேபிள், போர்ட், பவர். பிறகு கெர்னல் செய்தி. பிறகு பார்ட்டிஷன். பிறகு காப்பி. ரிப்பேர் கடைசியில்தான். டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் எதையும் ஓட்டாமல் பவரை நிறுத்துங்கள். காப்பி முடிந்ததாகத் திரை காட்டினாலும் கொஞ்சம் டேட்டா மெமரியிலேயே நிற்கும். அன்மவுண்ட் செய்யாமல் பிடுங்காதீர்கள்.

பழுது கண்டுபிடிப்பதுதான் டிப்ளமோக்காரனின் தொழில். கம்ப்யூட்டர் லேபில் எல்லாத் துறைக்கும் இதற்கென்று ஒரு பிராக்டிகல் வகுப்பு வேண்டும் என்று நம் பேரவை கேட்க வேண்டும். அதுவரை, ஃபார்மட் பட்டனில் விரல் வைக்குமுன் ஒரு நிமிடம் நில்லுங்கள். உள்ளே இருப்பது யாருடைய அப்பாவோ!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை