செல்ஃப் இழுக்குதா? பேட்டரியைக் கவனிங்க!

போன மாதம் ஒருநாள், விடிகாலை ஐந்து மணி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். அம்மாவை காரில் உட்காரவைத்துவிட்டு சாவியைத் திருகினேன். ‘டக்... டக்... டக்...’ அவ்வளவுதான்! டாஷ்போர்டு விளக்குகளும் மங்கிப்போயின. தெருமுனை வரை ஓடி ஆட்டோ பிடித்து, அரை மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நல்லவேளை, டாக்டர் காத்திருந்தார்.

மதியம் மெக்கானிக் வந்தார். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன். சிரித்தார். “எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க சார். கொஞ்ச நாளாவே காலையில செல்ஃப் இழுத்து இழுத்து எடுத்திருக்குமே?”

ஆமாம். பத்து நாளாகவே அப்படித்தான். நான்தான் கண்டுகொள்ளவில்லை. பேட்டரிக்கு வயது நாலரை.

நம் ஊரில் கார் பேட்டரி பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து வருடம் உழைக்கும். குளிரைவிட அதற்குப் பெரிய எதிரி வெயில்தான். சூட்டில் உள்ளே இருக்கும் நீர் வற்றும், ஈயத் தகடுகள் சீக்கிரம் அரிக்கும். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரும், வாரக்கணக்கில் நிற்கும் காரும் இன்னும் மோசம். ஸ்டார்ட் செய்யும்போது செலவான சார்ஜ், திரும்ப ஏற நேரமே கிடைப்பதில்லை.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷாராகுங்கள்:

* காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் சோம்பலாகச் சுற்றுவது.
* இன்ஜின் ஓடாதபோது ஹெட்லைட் மங்கலாக எரிவது, ஹாரன் கம்முவது.
* பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருப்பது, அழுகிய முட்டை வாடை வருவது. இந்த இரண்டும் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. காரை எடுக்காமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

அதற்காக, வண்டி ஒருநாள் நின்றதுமே புது பேட்டரி வாங்க ஓடவேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தாலும், கிளாம்ப் லூஸாக இருந்தாலும் இதே தொல்லை வரும். சுத்தம் செய்து முடுக்கினாலே சரியாகிவிடலாம். ராத்திரி முழுக்க உள்விளக்கை எரியவிட்டிருந்தால், சார்ஜ் ஏற்றினால் போதும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ராத்திரி முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளந்தால் 12.6 வோல்ட் காட்டவேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை காட்டும். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள். அது பழுதாக இருக்கும்போது புது பேட்டரி போட்டாலும் நாலே நாளில் அதுவும் படுத்துவிடும்.

மீட்டர் நல்ல அளவு காட்டினாலும் ஸ்டார்ட் செய்யும்போது திணறும் பேட்டரிகள் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ‘லோடு டெஸ்ட்’ செய்யவேண்டும். பேட்டரி கடைகளில் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மூன்று வருடம் முடிந்ததும், கோடைக்கு முன்பாக வருடம் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள். முழு சார்ஜ் ஏற்றியும் இந்த டெஸ்ட்டில் தோற்றால், அதற்குமேல் யோசிக்கவேண்டாம். மாற்றிவிடுங்கள்.

வாங்கும்போது காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவையே கேளுங்கள். சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து உயிர்பெறும் கார்களுக்கு அதற்கென்றே உள்ள பேட்டரிதான் போடவேண்டும். சாதாரணமானது சீக்கிரம் போய்விடும். தயாரித்த தேதியைப் பாருங்கள், வாரன்டி அட்டையில் கடை முத்திரை வாங்குங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டால் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஈயமும் ஆசிடும் இருப்பதால், அதைக் குப்பையில் போடக்கூடாது, குழந்தைகள் புழங்கும் இடத்தில் வைக்கவும் கூடாது.

நான் புது பேட்டரி போட்ட தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிட்டேன். அடுத்த வாரம் அம்மாவுக்கு இன்னொரு கண். இந்த முறை காரிலேயே போகிறோம்.